திங்கட்கிழமைக்குள் ஒரு கட்டில்

வியாழக்கிழமை காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் வார்டு சிஸ்டர் காத்தூனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்கப்பாவுக்கு இனி இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைம்மா. திங்கக்கிழமை டிஸ்சார்ஜ். எங்க கூட்டிட்டுப் போறீங்களோ அங்க முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க."

காத்தூன் தலையாட்டினாள். எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதில் அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அத்தா பதினாலு மாதமாக பாகலூர் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில்தான் இருந்தார். அங்கேதான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது, அதற்குப் பின்னால் சளி கட்டியது, ஐசியூவில் பதினோரு நாள் கிடந்தார். வெளியே வரும்போது மூக்கில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய், இடுப்புக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். பேச்சு போய்விட்டது. எல்லாம் சேர்ந்து இருபத்தாறு நாள். திரும்பப் போக வேண்டியது அதே இல்லத்துக்கு, அதே கட்டிலுக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வராந்தாவுக்கு வந்து இல்லத்து மேனேஜர் கமலக்கண்ணனுக்குப் போன் போட்டாள்.

"மூக்குல டியூப் இருக்குதுங்களா?" என்று கேட்டார் அவர்.

"இருக்கு சார்."

"யூரினுக்கு?"

"அதுவும் இருக்கு."

"புண்ணு ஏதாவது?"

"இடுப்புக்குக் கீழ. கொஞ்சம் பெருசா இருக்கு."

கமலக்கண்ணனின் குரல் மாறியது. "நம்மகிட்ட எழுந்து நடமாடறவங்களை மட்டும்தாங்க வெச்சுக்கறோம். சேர்க்கறப்ப கொடுத்த ஃபாரத்துலயே போட்டிருக்குது. நீங்க படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீங்க."

அவள் படிக்கவில்லை. அத்தாவை அங்கே விட்ட அன்று கண்ணில் எதுவுமே தெரியவில்லை அவளுக்கு. நான்கு பக்கத்திலும் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அவரோட துணிமணியெல்லாம் பேக் பண்ணி வெச்சிருக்கோம். எப்ப வந்தாலும் எடுத்துக்கலாம்" என்றார் கமலக்கண்ணன். அதாவது, அவள் போன் செய்வதற்கு முன்பே பேக் செய்துவிட்டார்கள்.

காத்தூனுக்கு நாற்பத்தெட்டு வயது. சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. ஆரம்பத்தில் வயர் நுனியில் பித்தளை முனை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் வேலை. இப்போது அப்படி இழுத்துப் பார்க்கும் முப்பது பேருக்கு லைன் லீடர். கல்யாணமாகி கிருஷ்ணகிரிக்குப் போனவள் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தாள். கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவள் ஒரு சூட்கேசோடு வாசலில் நின்றபோது அத்தா ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூட்கேசை வாங்கி உள்ளே வைத்தார். ஒரு வாரம் கழித்து இந்தக் கம்பெனியின் வேலை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். "ஃபர்ஸ்ட் ஷிப்டு நம்ம வண்டிதான். சீட்டு நான் போட்டு வைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அத்தா காஜா மொய்தீன் கம்பெனி பஸ் டிரைவர். உத்தமபாளையத்துப் பக்கமிருந்து இளவயதில் லாரி கிளீனராக ஓசூருக்கு வந்தவர். இங்கே ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப, அவற்றுக்கு ஆள் ஏற்றும் வண்டிகளை ஓட்டியே வயதானவர். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் வண்டி லேட் என்று யாரும் சொன்னதில்லை. மத்திகிரியில் ஏறும் பெண் பிள்ளைகளுக்கு அவர் ஹார்ன்தான் அலாரம். யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்துவார். ஆனால் ஏறுகிற வரைக்கும் முறைத்துக்கொண்டே இருப்பார். மகளும் அதற்கு விலக்கில்லை.

நேரத்துக்கு வண்டி எடுக்கும் அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவரை இல்லத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மனைவி போனதற்குப் பின் ஏழெட்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு நினைவு தப்ப ஆரம்பித்தது. விடியுமுன் சட்டை மாட்டிக்கொண்டு வண்டி எடுக்கக் கிளம்பிவிடுவார். காத்தூன் ஷிப்டில் இருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். ஒரு தடவை ஜூஜுவாடி செக்போஸ்டைத் தாண்டி அத்திப்பள்ளியில் கிடைத்தார். கன்னடத்தில் யாரிடமோ டீசல் கேட்டுக்கொண்டிருந்தாராம். இன்னொரு தடவை பைபாஸின் நடுவே. பூட்டி வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் உள்ளேயிருந்து கதவைத் தட்டித் தட்டி இரண்டு கை முட்டியும் உரிந்திருந்தன. அந்த வாரமே இல்லம் தேடினாள்.

இப்போது மறுபடியும் தேட வேண்டும். நான்கு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். மீதமிருந்த லீவில் அதுதான் கடைசி; அதற்கு மேல் எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஜெராக்ஸ் தாளில் பதினேழு இல்லங்களின் நம்பர் இருந்தது. காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். ஐந்து நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒன்று நாய்க் காப்பகம். மற்றவர்கள் வயது கேட்டார்கள், நடப்பாரா என்று கேட்டார்கள், டியூப் என்றதும் "பெட் காலி ஆனதும் நாங்களே கூப்பிடறோம்" என்றார்கள். ஒருவர் மட்டும் பெயரைக் கேட்டார். சொன்னதும், "இங்க சுத்த சைவம்மா, உங்களுக்குச் சரிப்படாது" என்றார். மூக்கு வழியாகக் கஞ்சித் தண்ணீர் இறங்கும் ஆளுக்கு சைவம் என்ன அசைவம் என்ன என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அடுத்த நம்பரைப் போட்டாள்.

மத்தியானம் வீட்டு ஓனர் சென்னப்பனைப் பார்க்கக் கீழே போனாள். அவள் குடியிருந்தது இரண்டாவது மாடியில், ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். அத்தாவை இங்கேயே வைத்துக்கொண்டு, ஷிப்டு நேரத்துக்கு ஒரு ஆயாவைப் போட்டால் என்ன என்று யோசித்திருந்தாள்.

சென்னப்பன் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, முழுதும் கேட்டார். பிறகு மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல ஸ்ட்ரெச்சர் திரும்பாதும்மா. போன வருஷம் பீரோ ஏத்தறப்பவே செவுத்தை இடிச்சாங்க."

"நாலு பேர் தூக்கினா..."

"ஏத்திடலாம். எறக்கறது?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மத்த வீட்டுக்காரங்க இருக்க மாட்டாங்க. எனக்கு இந்த மூணு வீட்டு வாடகைதான். ஒரு மாசம் டைம் எடுத்துக்கிட்டுக் கீழ் வீடா எங்கயாவது பாருங்க, நானும் சொல்லி வெக்கறேன்."

அவளுக்கு ஒரு மாசம் ஏது?

தம்பி ஜாபருக்குப் போன் செய்தாள். அவன் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் பெரிய வேலை, சொந்த ஃபிளாட், லிஃப்ட் உண்டு.

"கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல வெச்சுக்க முடியுமா, ஜாபர்? நான் வேற எடம் பார்க்கிற வரைக்கும்."

"பசங்களுக்குப் பரீட்சைக்கா. அவளுக்கும் முதுகு வலி. அத்தாவை இவ்ளோ தூரம் வண்டியில அலைக்கழிக்கிறது அவருக்கே நல்லதில்ல" என்றான். பிறகு, "நீ இருக்கிறதாலதான்க்கா நாங்கல்லாம் நிம்மதியா இருக்கோம்" என்றான்.

அதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான்.

சனிக்கிழமை பஸ் ஏறி கர்நாடக எல்லை தாண்டி சந்தாபுரா பக்கம் போனாள். போனில் "வந்து பாருங்க" என்று சொன்ன ஒரே இடம் அது. பெரிய கட்டடம், முன்னால் புல்தரை, சக்கர நாற்காலி போக சாய்வுப் பாதை. வரவேற்பறையில் பினாயில் வாசனைகூட இல்லை. மேனேஜர் ஒரு கன்னடப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசினார். டியூப் ஃபீடிங்குக்கு நர்ஸ் இருக்கிறார், ராத்திரி ஆள் உண்டு, எல்லாம் செய்யலாம் என்றார். ஒரு அறையைத் திறந்து காட்டினார். ஜன்னல் வழியாக ஒரு கொய்யா மரம். காத்தூன் அந்தக் கட்டிலின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அத்தாவை அதில் படுக்க வைத்துப் பார்த்தாள் மனதுக்குள். மாதா மாதம் எப்படிக் கட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பி.எஃப். இருக்கிறது என்று தீர்மானித்தேவிட்டாள்.

"புண்ணு இருக்குன்னு சொன்னீங்கல்ல, போட்டோ இருக்குதா?"

போனில் இருந்ததைக் காட்டினாள். மேனேஜர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். உள்ளே போய் நர்ஸிடம் காட்டிவிட்டு வந்தார். வரும்போதே முகத்தில் தெரிந்துவிட்டது.

"மேடம், இது எலும்பு வரைக்கும் போயிருக்கு. நாங்க எடுத்தா, நாளைக்கு யாராவது வந்து பார்த்தா இங்கதான் இப்படி ஆச்சுன்னு சொல்லுவாங்க. ஆறின பிறகு கூட்டிட்டு வாங்க, கண்டிப்பா எடுத்துக்கறோம்."

"ஆறணும்னா எங்கயாவது வெச்சுப் பார்க்கணும்ல மேடம்?"

மேனேஜர் குடிக்கத் தண்ணீர் வரவழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சூளகிரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தர்ம இல்லத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரித் தாளில் அந்த நம்பருக்கு நேராக யாரோ பேனாவால் 'இலவசம்' என்று எழுதியிருந்தார்கள். பழைய நெல் மில் ஒன்றைச் சுத்தம் செய்து கட்டில் போட்டிருந்தார்கள். அறுபது பேர் இருக்கலாம். பாதிப் பேர் படுக்கையில். ஆனால் விரிப்பு வெள்ளையாக இருந்தது. ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் சுவரில் எழுதி மாட்டியிருந்தது. அங்கேதான் முதல்முறையாக ஒருவர் புண் போட்டோவைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல், "இதைவிட மோசமானதை ஆத்தியிருக்கோம்" என்றார். இல்லத்தை நடத்தும் பெரியவர். சட்டைப்பையில் கையுறை துருத்திக்கொண்டிருந்தது.

காத்தூனுக்கு மூச்சு திரும்பி வந்தது மாதிரி இருந்தது. "நாளைக்கே கூட்டிட்டு வரலாமா ஐயா?"

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பொண்ணு."

"வேற?"

"ஒரு தம்பி. கோயம்புத்தூர்ல."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் இல்லாதவங்களை மட்டும்தாம்மா நாங்க எடுக்க முடியும். சொந்தம் இருக்கிறவங்களை எடுத்தா எங்களை மூடிடுவாங்க. போலீஸ் மெமோ வேணும், ஆதரவில்லாம ரோட்டுல கெடந்தாருன்னு. ஒவ்வொருத்தருக்கும் அந்தப் பேப்பர் இருக்கு."

அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஒரு ஆயா யாருக்கோ கஞ்சி ஊட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுல பாதிப் பேரு எப்படி வந்தாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் பெரியவர், அவளைப் பார்க்காமல். "யாரோ ஒருத்தர் ஸ்டேஷன்ல வந்து, இன்னாருன்னு தெரியாது, இந்த எடத்துல கெடக்கறார்னு சொல்லுவாங்க. அப்புறம் வாரா வாரம் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு, சும்மா சேவை செய்ய வந்தேன்னு சொல்லி அவங்க கட்டில் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. நான் கேக்கறதில்ல. உங்களுக்கு நான் எதுவும் சொல்லலை."

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரியவர் கெடக்கறார் சார். இல்லை, ஆஸ்பத்திரியில் விட்டுட்டுப் போயிட்டாங்க. யாருன்னு தெரியலை. பேச்சு இல்லை, அதனால் அவர் மறுத்துச் சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் தன் கையெழுத்து இருப்பதை நினைத்தாள். அதற்கும் ஒரு வழி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லிவிடலாம். அங்கே சுத்தமாக இருக்கிறது. புரட்டிப் போடுவார்கள். புண் ஆறும். பெயரில் என்ன இருக்கிறது? பாவமா என்று கேட்டால் பாவம்தான். ஆனால் புண்ணில் புழு வைக்க விடுவது அதைவிடப் பெரிய பாவம் இல்லையா? சூளகிரி தாண்டும்போது அவள் மனசு உறுதியாகிவிட்டது.

வழியில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. இறங்கி உள்ளே போனாள். ஏட்டு கங்கப்பன் என்று சட்டையில் பெயர் இருந்த ஒருவர், ரிட்டையராகிற வயசு, எழுதிக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா."

"ஒருத்தருக்கு மெமோ வேணும் சார். யாரும் இல்லைன்னு. இல்லத்துல சேர்க்கறதுக்கு."

"யாருக்கு?"

"எங்க அத்தாவுக்கு" என்றாள்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்ததில் அவருக்கு ஒரு பெயர் வைக்க மறந்திருந்தாள். நாற்பத்தெட்டு வருஷமாக அந்த ஆளைக் குறிக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

கங்கப்பன் பேனாவைக் கீழே வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். எதிரே இருந்த பெஞ்சைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

"எங்கம்மாவை நான் மூணு வருஷம் படுக்கையில பார்த்தேன்" என்றார் கங்கப்பன். "பார்த்தது நான் இல்ல. என் சம்சாரம். நீ போம்மா. இதை நான் கேக்கலை."

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் ஓட்டும் மணிதான் கடைசியாக ஒரு நம்பர் கொடுத்தான். "பேரிகைல முனிலட்சுமிக்கான்னு ஒருத்தங்க. முன்னாடி இங்கயே ஆயாவா இருந்தவங்க. யாரா இருந்தாலும் எடுத்துக்குவாங்க. ஆனா எடம் ஒரு மாதிரிதான், சொல்லிட்டேன்."

போய்ப் பார்க்க நேரமில்லை. ஞாயிறு இரவு போனில் பேசினாள். முனிலட்சுமி டியூபைப் பற்றியோ புண்ணைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "எத்தினி மணிக்கு வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மணியின் வண்டியில் அத்தாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வண்டி ஓட ஆரம்பித்ததும் அத்தாவின் கண் திறந்தது. மேற்கூரையைப் பார்த்தார். பாகலூர் வளைவில் அவர் இடது கை கொஞ்சம் அசைந்தது. கியர் போடுகிறார் என்று மணி சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மணி சொல்லவில்லை. வலிக்காகவும் இருக்கலாம்.

பேரிகைக்கு வெளியே, தக்காளி வியாபாரி ஒருவர் முன்பு கூடை அடுக்கி வைத்திருந்த கட்டடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரே நீளமான அறையில் எட்டுக் கட்டில். ஏழில் ஆள் இருந்தார்கள். ஆணும் பெண்ணும் நடுவே ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். வாசலிலேயே மூத்திர வாடை மூக்கில் ஏறியது. ஒரு கிழவி யாரையோ தெலுங்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்; யாரும் திரும்பவில்லை. வேலைக்கு முனிலட்சுமியும், அவள் வயசுள்ள இன்னொரு பெண்ணும். அத்தாவோடு சேர்த்து எட்டுப் பேருக்கு இரண்டு பேர்.

காத்தூன் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முனிலட்சுமி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். அத்தாவைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"பிடிக்கலைன்னா திருப்பிக் கூட்டிக்கினு போங்கம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எங்க கூட்டிட்டுப் போறது?"

"அதான். அந்த எடம் இருக்கறவங்க இங்க வர்றதில்ல." முனிலட்சுமி ஒரு தாளை நீட்டினாள். "முன்கூட்டியே சொல்லிடறேன். முடியாம போனா நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டேன். கொண்டுபோனா அவங்க ரெண்டு வாரம் வெச்சு, இன்னும் ரெண்டு டியூப் போட்டு அனுப்புவாங்க. அப்புறம் என்னாலயும் பார்க்க முடியாது. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

இந்தத் தடவை காத்தூன் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அத்தா அங்கே நாற்பத்து மூன்று நாள் இருந்தார்.

ஃபர்ஸ்ட் ஷிப்டு வாரங்களில் மத்தியானம் வேலை முடிந்ததும் நேரே பேரிகை பஸ் பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும். குழாயில் எப்படிக் கஞ்சி இறக்குவது, எந்த உயரத்தில் பிடிப்பது என்று முனிலட்சுமி கற்றுக்கொடுத்தாள். புண்ணைக் கழுவக் கற்றாள். முதல் தடவை கழுவியபோது வெளியே ஓடிப்போய் கொத்தமல்லித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தடவை ஓடவில்லை. அவள் போகும் நாட்களில் அத்தா சுத்தமாக இருந்தார். போகாத நாட்களில் எப்படி இருந்தார் என்பது விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். முனிலட்சுமியிடம் சண்டை போட ஒரு தடவை வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் முனிலட்சுமி குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். காத்தூன் வாயை மூடிக்கொண்டாள்.

புண் ஆறவில்லை. ஒவ்வொரு வாரமும் பெரிதானது. அத்தா கண்ணைத் திறப்பது குறைந்தது. செகண்ட் ஷிப்டு வாரங்களில் அவளால் வர முடியவில்லை. நிரந்தரமாக ஃபர்ஸ்ட் ஷிப்டு கேட்டு எழுதிக் கொடுத்தாள். லைன் லீடருக்கு அப்படிக் கொடுக்க முடியாது, வேண்டுமானால் பழையபடி இழுத்துப் பார்க்கும் வேலைக்கு இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சரி, இறங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். அந்த மாற்றம் அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து.

ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள் முன்பு அத்தா இறந்தார். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது முனிலட்சுமியிடமிருந்து ஒன்பது அழைப்பு இருந்தது. அவள் திருப்பிக் கூப்பிடவில்லை. முதலில் லாக்கரைப் பூட்டினாள். பிறகு சூப்பர்வைசரிடம் போய், "நான் பேரிகைக்குப் போகணும்" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. அதனால் அத்தாவின் மய்யித்தைப் பள்ளிவாசலை ஒட்டிய அறையிலேயே குளிப்பாட்ட ஜமாஅத்தில் ஏற்பாடு செய்தார்கள். ஜாபர் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து சேர்ந்தான். ஆண்களோடு குளிப்பாட்ட உள்ளே போனான். காத்தூன் வெளியே, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் இல்லை. புரட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஜாபர் வெளியே வந்தான். சட்டைக் கை முழுக்க நனைந்திருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னக்கா இது?" என்றான். "முதுகுல... என்னக்கா இது? இப்படியா விடுவ? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே."

சொல்லியிருந்தாள். இல்லம் தேடிய அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு. அவனுக்கு அது நிஜமாகவே நினைவில்லை என்று அவன் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. பொய் சொன்னால் சண்டை போடலாம். இவன் மறந்திருக்கிறான். அவனை என்ன செய்ய முடியும்?

"நேரமாச்சு, உள்ள போ. கஃபன் துணி போடணும்" என்றாள்.

அடக்கம் முடிந்து அன்று சாயங்காலமே அவன் கிளம்பிவிட்டான். ஜமாஅத்தில் இரண்டு மூன்று பேர் அதற்குப் பின்னால் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புண்ணைப் பற்றிய பேச்சு பரவியிருக்க வேண்டும். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. ஒண்ணாம் தேதி வந்தது. மாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்க மறந்துவிட்டாள். கீழ் வேலைக்கே போனாள். முப்பது பேருக்குத் தலைவியாக இருந்தவள் அந்த முப்பது பேரில் ஒருத்தியாக உட்கார்ந்து வயரை இழுத்துப் பார்க்கத் தொடங்கினாள். அது அவளுக்கு அவமானமாக இல்லை. வேறு எதுவாகவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, மீந்துபோன டயபரும் பஞ்சும் கஞ்சி மாவு டப்பாவும் வீட்டில் கிடந்ததை எடுத்துக்கொண்டு பேரிகைக்குப் போனாள். அத்தாவின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். முனிலட்சுமி பையை வாங்கி, டப்பாவில் தேதியைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்று அலமாரியில் வைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

காத்தூன் அதைக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தாள். டீ பாதி ஆறிய பிறகுதான் கேட்க முடிந்தது.

"கடைசில எப்படி இருந்தாரு? கஷ்டப்பட்டாரா?"

நிம்மதியாகப் போனார் என்று சொல்லிவிடுவாள் என்று காத்தூன் எதிர்பார்த்தாள். எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

"தெரியாதும்மா" என்றாள் முனிலட்சுமி. "நான் பின்னாடி துணி துவைச்சுக்கினு இருந்தேன். இன்னொருத்தி கடைக்குப் போயிருந்தா. வந்து பார்க்கறப்ப உசுரு போயிருந்துச்சு. எத்தினி நேரம் ஆச்சுன்னுகூட எனக்குத் தெரியாது."

காத்தூன் தலையாட்டினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அந்தத் தெலுங்குக் கிழவி இன்னும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரை மணி பஸ் போய்விட்டால் அடுத்தது ஐந்தேகாலுக்குத்தான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.